நான் இடிக்காத வீடு

எழுபதுகளில் சிட்னியில் வீடு இடிக்கும் கூலியாக இருந்தேன். என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. கப்பல்களில் வேலை செய்து திரிந்து அங்கே இறங்கியிருந்தேன். ஒரு காலை ஃபோர்மன் இரும்பு அலவாங்கைத் தந்து இடிக்கச் சொன்னது, முந்திய கிழமை வரை நான் வாடகைக்கு இருந்த வீட்டை. எங்களைக் கிளப்பிவிட்டு அங்கே அடுக்குமாடி கட்டப்போகிறார்கள்.

கூட வேலை செய்த இங்கிலாந்துக் கிழவன் தேநீர் வேளையில் சொன்ன கதை நினைவுக்கு வந்தது. தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன் பிரான்சிலிருந்து வந்த நோர்மன்காரர் அவன் ஊரில் காணிகளைப் பிடுங்கினார்களாம். வரி போட்டார்களாம். மான் பிடித்தவனின் கண்ணைத் தோண்டினார்களாம். அதற்கும் மேலாக, வீடுகளை இடித்த இடத்தில் தங்களுக்குக் கோட்டை கட்ட, அந்த வீட்டுக்காரர்களையே மண் சுமக்க வைத்தார்களாம். பிறகு கலகம் வராமல் என்ன செய்யும் என்று, நேற்று நடந்ததுபோலக் கோபப்பட்டான்.

அலவாங்கைக் கீழே போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன்.

அந்த வீட்டில் என்னோடு ஒரே அறையில் இருந்து, இந்த வேலைக்கும் கூட வந்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர் பதறினார். "உனக்கென்ன விசரே? வேலை போகப்போகுது!"

"போகட்டும் அண்ணை. நீங்களும் இதுக்குள்ளதானே படுத்தெழும்பினனீங்கள்?"

"ஓம், மழைக்கு ஒழுகின வீடு," என்று முணுமுணுத்தபடி அவரும் பக்கத்தில் குந்தினார். கிழவன் சிரித்துக்கொண்டே மூன்றாவதாக வந்து அமர்ந்தான்.

ஃபோர்மன் மூவரையும் அன்றே நிறுத்தினான். மறுநாள் வேறு ஆட்கள் வந்து வீட்டை இடித்தார்கள். இடிக்கட்டும். அதில் என் கை படவில்லை.