சாமி லைட் கணக்கில் வராது

ஓப்பநாயக்கவில் எனக்கு ஒரு சின்ன எலக்ட்ரிக் கடை இருந்தது. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் என் பெயர் யாருக்கும் தெரியாது, வயரிங் பாஸ் என்றால்தான் தெரியும். கரண்ட் விலை ஏறிய பிறகு வயர் இழுக்கக் கூப்பிட்டவர்கள் குறைந்து, "எதை நிறுத்தினா லைட் பில் குறையும்?" என்று கேட்கக் கூப்பிட்டவர்கள் கூடிவிட்டார்கள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்காது. நிறுத்துவதற்கு ஆள் தேவையில்லை, எது கரண்டைத் தின்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஆள் வேண்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிமாருக்கு அதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்.

ஒரு பின்னேரம் ரவி கூப்பிட்டார். பெல்மடுல்லையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்பவர், குடியிருப்பது மேலே தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். மனைவி செல்வி கொழுந்து எடுக்கப் போகிறவர். நான் போனபோது செல்வி கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. பக்கத்தில் நெபுலைசர் மெஷின் துணி போட்டு மூடியிருந்தது. கிளினிக்கில் காலையும் மாலையும் அதில் மருந்து பிடிக்கச் சொல்லியிருந்தார்களாம்.

"நான் நிறுத்தச் சொல்லல்ல பாஸ்," என்றார் ரவி, நான் கேட்பதற்கு முன்பே. "பில்லப் பார்த்துட்டு அவளேதான் நிறுத்திட்டா."

செல்வி மூச்சை இழுத்துப் பிடித்துச் சொன்னார்: "அது போடுற சத்தத்தக் கேட்டிருக்கீங்களா பாஸ்? அவ்வளவு கத்துற சாமான் கரண்டத் தின்னாமயா கத்தும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மூச்சுக்குத் திண்டாடுகிற ஆளிடம் கோபத்தைக் காட்டி என்ன பயன்? மெஷினைத் திருப்பி அடியில் எழுதியிருந்த வாட்ஸைப் பார்த்தேன். நூற்றைம்பது. ஆயிரம் வாட்ஸ் சாமான் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட். இது நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்குப் பத்து நிமிஷம் ஓடினால் மாதம் முழுக்க ஒன்றரை யூனிட் வரும். சொன்னேன். இருவரும் நம்பவில்லை. நிறுத்திய பிறகு வந்த பில்லும் அறுபத்தொரு யூனிட்டாக இருந்தது. அப்போது அறுபதில் ஒரு படி இருந்தது. அதைத் தாண்டினால் யூனிட் விலையும் ஏறும், மாதக் கட்டணமும் ஏறும். அந்த ஒரு யூனிட்டுக்காகத்தான் செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் உள்ள சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். மாதத்துக்கு ஃபிரிஜ் முப்பது யூனிட், டீவி ஒன்பது, பல்புகளுக்கு ஐந்து, அயர்னுக்கு ஐந்து, போன் சார்ஜர் சில்லறைக்கு ஒன்று. எப்படிக் கூட்டினாலும் ஐம்பதுதான் வந்தது. மிச்சம் பதினொரு யூனிட்டைக் காணவில்லை.

பழைய லயம், கூரை ஒழுகுகிற இடம், வயரில் எங்கேயோ லீக் என்றுதான் நினைத்தேன். எல்லாவற்றையும் ஆஃப் பண்ணச் சொல்லிவிட்டு, வெளியே போய் மீட்டர் முன்னால் நின்றேன். ஆஃப் பண்ணிய வீட்டில் மீட்டரின் சிவப்புப் பொட்டு மினுங்கக் கூடாது. ரொம்ப நேரம் சும்மா இருந்தது. சரி, லீக் இல்லை என்று திரும்பப் போகும்போது ஒரு தடவை மினுங்கியது. பொறுத்திருந்து பார்த்தேன். மறுபடியும் மினுங்கியது.

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"எல்லாம் ஆஃப்தான் பாஸ்."

உள்ளே வந்தேன். காம்பரா இருட்டாக இருந்தது. மூலையில் முருகன் படத்துக்கு மேலே சின்னச் சிவப்பு பல்ப் ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"அது சாமி லைட்டுங்க," என்றார் ரவி. அது சாமானில் சேர்த்தியா என்கிற மாதிரிப் பார்த்தார்.

பழைய கம்பி பல்ப், பதினைந்து வாட்ஸ். ராப்பகலாக எரிந்தால் மாதத்துக்குப் பதினொரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. நெபுலைசர் தின்பதைப் போல ஏழு மடங்கு, சத்தமே இல்லாமல். அணைத்துவிட்டுக் கும்பிடும்போது மட்டும் போடலாமே என்றேன். ரவி தலையைக் குனிந்துகொண்டார்.

"இவ மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வச்ச நேர்த்திங்க. இவளுக்கு சொகமாகுற வரைக்கும் அணைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

செல்வியின் மூச்சுக்காக ஏற்றிய விளக்கு அது. அதன் பாரத்தை அவருடைய மெஷின் தலையில் போட்டிருந்தார்கள். செல்வி படத்தைப் பார்த்தார், பிறகு புருஷனைப் பார்த்தார். அழுவதற்கும் அவருக்கு மூச்சு வேண்டியிருந்தது.

என் பையில் ஒரு வாட்ஸ்கூட இல்லாத சிவப்பு எல்.இ.டி. பல்ப் ஒன்று கிடந்தது. அதை மாட்டினால் நேர்த்தியும் கெடாது, கணக்கும் கெடாது. ஆனால் மாற்றுகிற நேரம் இருட்டாகுமே என்று ரவி தயங்கினார். செல்விதான் எழுந்து போய், தேங்காயெண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஒரு விளக்கை ஏற்றிப் படத்தின் முன்னால் வைத்தார். அது எரிந்துகொண்டிருக்கும்போதே பல்பை மாற்றிக் கொடுத்தேன். பிறகு ரவி நெபுலைசரைப் போட்டார். நல்ல சத்தம்தான்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் என்ன சாமான் இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு நான் நிறுத்துவதில்லை. எதை நீங்கள் அணைப்பதே இல்லை என்றும் கேட்பேன். அணைக்காததை யாரும் சாமானாக நினைப்பதில்லை. நீங்களும் கேளுங்கள்.

அடுத்த பில் வந்த அன்று மாலை ரவி எனக்குப் போன் எடுத்தார். எத்தனை யூனிட் என்று சொன்னார், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பின்னால் மெஷின் கத்திக்கொண்டிருந்தது. நான் திருப்பிக் கேட்கவில்லை.