துண்டு கட்டாத முகம்

முன்னறையிலிருந்து மவுஸ் தட்டும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. டக், டக், டக். அடுப்படியில் டீ கொதிப்பதைப் பார்த்து நின்ற பாண்டிமீனாவுக்கு அது நெஞ்சுக்குள் தட்டுவதுபோல் இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு படம் மாறுகிறது. ஒவ்வொரு படத்திலும் தங்கப்பொண்ணு செத்துப்போன தன் புருஷனைத் தேடுகிறாள்.

சட்டென்று சத்தம் நின்றது.

அடுப்பை அணைத்துவிட்டு பாண்டிமீனா ஓடி வந்தாள்.

"இந்தா நிக்கிறாரு பாரு தாயி," என்று தங்கப்பொண்ணு திரையைத் தொட்டுக் காட்டினாள்.

பாதி இடிந்த சுவர்மேல் சம்மட்டியை ஓங்கியபடி ஓர் ஆள். உச்சந்தலையிலிருந்து கழுத்துவரை துண்டு சுற்றியிருந்தது. வெளியே தெரிந்தவை இரண்டு கண்கள்தான்.

"எப்புடிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"காலைப் பாரு. பெருவெரலத் தூக்கிக்கிட்டேதான் நிப்பாரு. எந்தச் செருப்பு வாங்குனாலும் முன்னாடிதான் பிய்யும்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ஆனா பேனர்ல காலையா தாயி போட முடியும்?"

பாண்டிமீனா மவுஸை வாங்கி அடுத்த படத்துக்குப் போனாள்.

வரும் முகூர்த்தத்தில் தங்கப்பொண்ணுவின் மகள் தாமரைச்செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அடித்திருக்கும் பேனரில் தாய்மாமனிலிருந்து கைக்குழந்தைவரை அத்தனை பேரும் இருக்கிறார்கள். பெண் வீட்டுப் பேனரில் அம்மாவுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. கட்டடம் இடிக்கும் வேலை பார்த்த இம்மானுவேல், போன வருஷம் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். "அப்பா இல்லாத பேனர் எனக்கு வேணாம்மா. ஒண்ணும் கட்டாம விட்டுருங்க," என்று மகள் சொல்லிவிட்டாள். இன்று சாயங்காலத்துக்குள் படம் கொடுத்தால்தான் அச்சாகும்.

வீட்டில் இருப்பவை இரண்டே படங்கள். ஆதார் அட்டையில் இருப்பது போலீஸ் தேடும் ஆள் மாதிரி இருந்தது. இன்னொன்று அவருடைய கல்யாணப் படம். "அதுல மாப்ளைக்குத் தம்பி மாதிரி இருக்காரு," என்றாள் தங்கப்பொண்ணு. விசேஷ வீடுகளில் எல்லோரும் வரிசையில் நின்று படம் எடுக்கும்போது அவர் சாம்பார் வாளியோடு பந்தியில் நிற்பார்.

அதனால்தான் அவள் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த வீட்டைத் தேடி வந்தாள். அவரை அதிகமாகப் படம் எடுத்தவள் பாண்டிமீனாதான்.

பாண்டிமீனாவுக்குப் பிழைப்பு காதணி விழாவையும் வளைகாப்பையும் படம் எடுப்பது. மனசு முழுக்க வேறு இடத்தில் இருந்தது. வாடிப்பட்டியில் ஓர் அரிசி ஆலையை விற்றவர், "இடிக்கிறதுக்கு முன்னாடி ஒருதரம் எடுத்துக் குடும்மா," என்று கூப்பிட்டார். போனவள் அதன்பிறகு விடவில்லை. இடிக்கும் ஆட்களின் மேஸ்திரி ஆண்டிச்சாமி, புது வேலை வந்தால் போன் போடுவார்: "தங்கச்சி, நாளைக்கழிச்சு ஒண்ணு சாயுது." முதல்நாள் போய்க் கட்டடத்தை எடுப்பாள். மறுநாள் ஆட்களை எடுப்பாள். "ஊருல வீடு கட்டுனா போட்டோ எடுப்பாங்க. எம்பொண்டாட்டி அது விழுந்தாத்தான் எடுப்பா," என்று அவள் கணவன் அழகுபாண்டி கேலி செய்யாத நாளில்லை.

ஆண்டிச்சாமியின் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் செங்கல்லில் கை வைக்குமுன் எல்லோரும் முகத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வார்கள். தூசிக்காக மட்டுமல்ல. இடித்தவன் முகம் அந்த வீட்டின் நினைவில் தங்கக் கூடாதாம். கடைசிச் சுவர் விழும்வரை துண்டை அவிழ்க்க மாட்டார்கள். சுவர் விழும் புழுதிக்குப் பயந்து பாண்டிமீனா அதற்கு முன்பே கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். எத்தனை படம் எடுத்து என்ன பயன்? ஒன்றில்கூட இம்மானுவேலுக்கு முகம் இல்லை.

கடைசிப் படமும் முடிந்தது. டீயை வாங்கிக் குடித்த தங்கப்பொண்ணு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"விடு தாயி. பேனர் இல்லாமலும் தாலி ஏறும். அவ அழுவா, அம்புட்டுத்தான்." முழங்காலில் கையூன்றி எழுந்தாள். "எனக்கே அந்த மொகம் மறந்துரும்போல இருக்கு. வேலைக்குப் போனா முழுக்கப் புழுதியாத்தான் வருவாரு. மொத நாளு கூப்புடப் போற அன்னைக்கு மட்டுந்தான் மூஞ்சி சுத்தமா இருக்கும்."

பாண்டிமீனா நிமிர்ந்தாள். "என்னக்கா சொன்னீங்க?"

"கூப்புடப் போறதத்தான். உனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்ததை எப்படி மறந்தாள்?

இடிப்பதற்கு முதல்நாள் இம்மானுவேல் மட்டும் தனியாகப் போவார். அறை அறையாக நின்று, "உள்ள யாரு இருந்தாலும் வெளிய வந்துருங்கப்பா," என்று மூன்று தரம் குரல் கொடுப்பார். படுத்துக்கிடக்கும் குடிகாரனும் வருவான், குட்டி போட்ட பூனையும் வரும். கண்ணுக்குத் தெரியாதவர்களும் வந்துவிட வேண்டும் என்பதற்குத்தான் அந்த மூன்றாவது குரல். கூப்பிடுகிறவன் யாரென்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதனால் அன்று துண்டு கட்டக் கூடாது.

அதே நாளில்தான் பாண்டிமீனாவும் கட்டடத்தை எடுக்கப் போவாள். ஆளே இல்லாத கட்டடம் வேண்டும் அவளுக்கு. எந்த ஜன்னலைக் குறிவைத்தாலும் அதில் இம்மானுவேல் தலையை நீட்டுவார்.

"அண்ணே, கொஞ்சம் உள்ள போங்கண்ணே. படம் கெடுது!"

"உனக்குக் கட்டடம் வேணும். எனக்கு அதுக்குள்ள இருக்க பூனை வேணும். நான் என்னத்தா செய்ய?"

கெட்டுப்போன அந்தப் படங்களைத் தனியாக ஒதுக்கிப் போட்டிருந்தாள். அழிக்கச் சோம்பல்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒன்று மங்கல். இன்னொன்றில் முதுகு. அதற்கடுத்தது திருவாதவூர் ரோட்டில் இருந்த பழைய நெல் கிடங்கு.

நீலம் அடித்த ஜன்னல். ஒரு கை சட்டத்தைப் பிடித்திருக்க, இன்னொரு கையை உயர்த்தி, வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் இம்மானுவேல். காலை வெயில் அவர் முகம் முழுக்க விழுந்திருந்தது.

தங்கப்பொண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, "தாடியச் செரைக்காமப் போயிருக்காரு பாரு, மனுசன்," என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள். பாண்டிமீனா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் திரை கலங்கித் தெரிந்தது.

"அக்கா, வாய் தொறந்திருக்கே. வேற படத்து வாயை ஒட்டி மூடிரவா?"

"மூடாத. மகள் கல்யாணத்துக்குப் பெத்தவன் ஆளக் கூப்புடாம வேற யாரு கூப்புடுவா?"

"ஜன்னல மட்டும் வெட்டிரலாமா?"

"வேணாம் தாயி. அதப் புடிச்சிருக்க கையும்ல போயிரும்."

படத்தைச் சரிபார்த்து பேனர் கடைக்கு அனுப்பினாள். கடைக்காரர் ராஜபாண்டி உடனே போன் செய்தார். "ஏன்க்கா, பின்னாடி மேகமும் ரோசாப்பூவும் வைப்போமா? எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க."

"ஒண்ணும் வேணாம். ஜன்னலோட அப்படியே போடுங்க."

தங்கப்பொண்ணு முகம் கழுவிக்கொண்டு கிளம்பினாள். செருப்பை மாட்டியவள், "கல்யாணத்துக்கு வந்துரு தாயி. கேமராவத் தூக்கிட்டு வராத. சாப்புட வா," என்றாள்.

"வாரேங்க்கா."

வாசல்வரை போனவள் திரும்பினாள். பாண்டிமீனாவின் தோளுக்கு மேலாக, உள்ளே வெளிச்சமாக இருந்த திரையைப் பார்த்தாள்.

"போயிட்டு வாரேன்," என்றாள். அது பாண்டிமீனாவிடம் சொன்னதல்ல.

தெருமுனையில் அவள் திரும்பி மறையும்வரை நின்றுவிட்டு, பாண்டிமீனா மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.