கேட்டுக்கு ஓடும் புள்ளிகள்

கூட்டம் எப்படி ஓடும் என்று கணினியில் புள்ளிகளை ஓடவிட்டுச் சொல்வதுதான் அவள் வேலை. ஆலையில் தடியடி நடந்தால் என்று போட்டுப் பார்த்ததில் எல்லாப் புள்ளிகளும் பெரிய கேட்டுக்கு ஓடின. அதை நம்பிப் போலீஸ் மற்ற கேட்டுகளைப் பூட்டியது. வேலைநிறுத்தத்தன்று நிஜமாகவே தடி இறங்கியபோது, ஜனம் விழுந்தவர்களைத் தூக்கத் திரும்பியது. பின்னால் வந்தவர்கள் மிதித்ததில் விலா எலும்புகள் நொறுங்கின. ஆலையில் தன்கூட வேலை செய்தவரைத் தூக்கக் குனிந்த அவள் தம்பி மண்டை பிளந்து செத்தான்.

“உன் கம்ப்யூட்டர் மாடல் சரிதாம்மா, ஜனங்கதான் தப்பா ஓடிட்டாங்க” என்றார் அவள் ஆபீஸ் மேலாளர். வாய் கூசவில்லை அந்த மனுஷனுக்கு.

“யோவ், என் புள்ளிக்கெல்லாம் அக்கா தம்பி கிடையாதுய்யா!”

அவள் வீசிய கண்ணாடி டம்ளர் அவர் நெற்றியில் உடைந்தது. அவர் ரத்தத்தோடு வாட்ச்மேனைக் கூப்பிட ஓடியதும், அவள் கணினியில் ஒவ்வொரு புள்ளிக்கும் விட்டுவிட்டு ஓட முடியாத இன்னொரு புள்ளியைக் கொடுத்து ஓடவிட்டாள்.

ஒன்றுகூடக் கேட்டைத் தாண்டவில்லை.