தீர்த்தம் கொதிக்க வைத்ததா, ஃபாதர்?

"ஃபாதர், கோவிச்சுக்காதீங்க... இந்தத் தீர்த்தம் கொதிக்க வச்ச தண்ணிங்களா?"

கேட்டது என் மனைவி ஸ்டெல்லா. கேட்கப்பட்டவர் கந்தப்பளையில் எங்கள் பங்குத் தந்தை. இடம் – எங்கள் வீட்டுக் கொல்லையில், காளான் குடிலின் வாசல். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று பார்த்தேன். பிளக்கவில்லை!

ஸ்டெல்லாவைக் குறை சொல்ல முடியாது. முதல் தடவை போட்ட நாற்பது காளான் பைகளும் பாழாய்ப் போயிருந்தன. ஏன் தெரியுமா? அக்கம்பக்கத்தார் பாசம்! குழந்தை பார்க்க வருவதுபோல பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார்கள். ஒவ்வொரு பையின் பஞ்சு மூடியையும் இழுத்து எட்டிப் பார்த்து, "எப்பங்க முளைக்கும்?" என்றார்கள். மூக்கு அப்பா மாதிரியா, அம்மா மாதிரியா என்று கேட்காததுதான் பாக்கி.

வெள்ளையாகப் படர வேண்டிய பைகளில் பச்சைப் பூஞ்சணம். ஸ்டெல்லாவுக்குக் காளான் வளர்க்கப் பயிற்சி கொடுத்த மிஸ் வந்து பார்த்தார்.

"மரத்தூளை அவிச்சுக் கிருமியைக் கொன்னீங்க, சரி. அப்புறம் ஊரையே கூப்பிட்டுத் திறந்து காட்டுனா? கையில இருக்கிற பூஞ்சணம் உள்ள போகாதா?"

பாசத்தோடு தொட்டாலும் கிருமி கிருமிதானே...

அன்று ஸ்டெல்லா அழுதாள். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் சமையல்காரர், நல்ல காளானாக வந்தால் வாராவாரம் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். "இந்தத் தடவையும் போச்சுன்னா குடிலைக் கோழிக்கு விட்டுருவேங்க" என்றாள்.

மறுபடி மரத்தூள் வந்தது. பீப்பாயில் நாள் முழுக்க ஆவியில் அவிந்தது. விதை போட்டதும் குடில் ஆப்பரேஷன் தியேட்டர் ஆகிவிட்டது! சோப்பு, ஸ்பிரிட், தலைக்கு வலை, தனிச் செருப்பு. எனக்கு? நிரந்தரத் தடை.

"நீங்க கை கழுவுற லட்சணம் எனக்குத் தெரியாதா?"

இந்த நிலைமையில்தான் ஃபாதர் குடிலை மந்திரிக்க வந்தார். பாவம், நல்ல மனுஷன்.

"இல்லம்மா... பைப் தண்ணிதான்."

"அப்ப வெளியவே தெளிச்சிருங்க ஃபாதர். ஆண்டவருக்கு உள்ள இருக்கிறதும் தெரியும்."

ஃபாதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கதவில் ஒரு தெளி தெளித்தார். பிறகு என்மீது மூன்று தெளி – தேவை அதிகமுள்ள இடம் என்று நினைத்திருப்பார்.

மூன்று வாரம் கழித்து ஸ்டெல்லா கத்திய கத்தலில் நான் தேத்தண்ணீரைக் கொட்டிவிட்டேன். பைகள் எல்லாம் வெள்ளை வெளேர்! என்னையும் வாசல்வரை வந்து பார்க்க விட்டாள். எண்ணினாள். முப்பத்தொன்பது வெள்ளை. ஒன்று... பச்சை.

மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

வாசகர்களே, நான் பத்திரிகைக்கு எழுதும் இந்தப் பத்திக்கு ஒரு படம் வேண்டாமா? அவள் கடைக்குப் போயிருந்த நேரம், படம் எடுக்க ஒரே ஒரு பஞ்சு மூடியை, ஒரே ஒரு நிமிஷம்தான் திறந்தேன்...

பிறகு முளைத்த காளான் ஹோட்டலுக்குப் போனது. அடுத்த வாரமும் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். வீடு முழுக்கச் சிரிப்பு. எனக்கு மட்டும் நெஞ்சில் முள். இது அச்சாகி ஸ்டெல்லா கைக்கு வரும் நேரம் நான் ஹட்டன் பஸ்ஸில் இருப்பதாக உத்தேசம்.

போன ஞாயிறு பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழந்தாளிட்டு ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவிக்குச் சொன்ன பொய்யையும் சேர்த்து. பரிகாரமாக ஐம்பது மன்றாட்டாவது கிடைக்கும் என்று காத்திருந்தேன்.

"பொய்யைப் பிறகு பாப்போம்... கை கழுவிட்டா உள்ள போனீங்க?"