முப்பத்தெட்டு ஜோடி

"முப்பத்தஞ்சு, முப்பத்தாறு... யாரும்மா அது, செருப்ப கவுத்துப் போட்டது?" குனிந்து, கவிழ்ந்து கிடந்ததை நிமிர்த்தி ஜோடி சேர்க்கிறார் தட்சணாமூர்த்தி. "முப்பத்தேழு, முப்பத்தெட்டு." மணி இன்னும் ஆறரைகூட ஆகவில்லை. அதற்குள் இது மூன்றாவது எண்ணிக்கை.

மரக்காணம் உப்பளத்தில் அவர் மேஸ்திரி. பாத்திக்குள் செருப்போடு இறங்க முடியாது. பெண்கள் சாலையோர வரப்பில் கழற்றிவிட்டுப் போவார்கள். மற்ற மேஸ்திரிகள் நோட்டில் பெயர் எழுதுகிறார்கள், இவருக்குச் செருப்புதான் நோட்டு. "நோட்டுல காலைல எழுதுனா, அவ வூட்டுக்குப் போனாலும் அதுலயேதான் இருப்பா சார். செருப்பு பொய் சொல்லாது." போன வருஷம் சித்திரை வெயிலில் எல்லோரும் கிளம்பிய பிறகும் ஒரு ஜோடி மிச்சம் கிடந்தது. தேடிப்போய், உப்புக் குவியலுக்குப் பின்னால் மயங்கிக் கிடந்த ஞானாம்பாளைத் தூக்கி வந்தவர் இவர்தான். அதற்குப் பிறகு இந்த எண்ணிக்கையை யாரும் கேலி செய்வதில்லை, என்னைத் தவிர.

உப்பைச் சோதிக்கும் கூடத்திலிருந்து மாதிரி எடுக்க மாதம் இரண்டு தடவை நான் அங்கே போகிறேன். போகப் போக அவருடைய பயங்கள் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. நாய், இடி, காக்கிச் சட்டை. இடி இடித்தால் கொட்டகைக்கு முதலில் ஓடுபவர் அவர்தான், ஆனால் விசிலை ஊதிக்கொண்டேதான் ஓடுவார். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன மறுவாரம் கூனிமேட்டில் வாங்கிய விசில் அது. கழுத்தை விட்டு இறங்குவதில்லை.

அவர் வெறுங்காலோடுதான் நடப்பார். பாதம் இரண்டும் முறம் அகலம், வெடிப்பு வெடிப்பாக இருக்கும். "செருப்பு போட்டா வரப்பு எங்க எளகியிருக்குதுன்னு கால்ல தெரியாது சார்." சொந்தச் செருப்பு ஒரு ஜோடி கொட்டகை ஆணியில் தொங்குகிறது. கல்யாணம் காட்சி என்றால் மட்டும் அது கீழே இறங்கும்.

இந்த வைகாசியில் நாய், இடி, காக்கி எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு ஒரு புதுப் பயம் வந்து சேர்ந்தது. அதற்குப் பெயர் அய்யனார். பாத்தியில் வேலை செய்யும் ஜெயாவின் புருஷன். அடி பொறுக்காமல் அவள் பிரம்மதேசத்தில் உள்ள அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. ஒருநாள் அவன் உப்பளத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போன் போட்டான். "அவள அளத்துல வச்சே வெட்டுவேன். ஒங்க மேஸ்திரிகிட்ட சொல்லிடு."

திண்டிவனத்தில் இருக்கும் முதலாளிக்கு மேஸ்திரி தகவல் சொன்னார். பதில் உடனே வந்தது. "அந்தப் பொண்ண கொஞ்ச நாளு வர வேணாம்னு சொல்லிடுப்பா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நம்ம தலைலதான் விடியும்." மிரட்டியவனை விட்டுவிட்டு மிரட்டப்பட்டவளை வீட்டுக்கு அனுப்பும் இந்த யோசனையை நான் எத்தனையோ இடத்தில் கேட்டிருக்கிறேன். மேஸ்திரி "சரிங்க முதலாளி" என்று போனை வைத்தார். ஜெயாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அவ வூட்ல ஒண்டியா இருந்தாத்தான் அவனுக்கு சுலபம் சார். இங்கன்னா எங்க எல்லாரையும் தாண்டித்தானே வரணும்?" வீரமான பேச்சுத்தான். ஆனால் பேசும்போதே சாலையில் வந்த ஒவ்வொரு வண்டியையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

காக்கியைக் கண்டால் ஒளிகிறவர், ஜெயாவைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அவளைச் சாலையோரப் பாத்தியிலிருந்து எடுத்து, கழிமுகத்தை ஒட்டிய கடைசிப் பாத்தியில் விட்டார். ஒரு பக்கம் அந்தோணியம்மாள், மறு பக்கம் ஞானாம்பாள். வரும்போதும் போகும்போதும் அவர்கள் துணை. வெயிலுக்குப் பயந்து அங்கே எல்லாப் பெண்களும் புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, கண் மட்டும் தெரியத் துண்டைக் கட்டிக்கொள்வது வழக்கம். "ரோட்ல நின்னு பாத்தா அவன் ஆத்தாளயே அவனுக்கு அடையாளம் தெரியாது." அன்று ஒருநாள்தான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

அடுத்த தடவை நான் போயிருந்த காலையில், ஒன்பது மணிக்கு, ஒரு டிவிஎஸ் பிப்டி வந்து நின்றது. முன்பக்கம் சாக்கில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. இறங்கியவன் பாத்திகளைப் பார்த்தான். வெள்ளை வெயிலில் ஒரே மாதிரி முப்பத்தெட்டு உருவம். அவனுக்குப் பிடிபடவில்லை.

"ஜெயா எங்க?"

"அவ வேலைய வுட்டு நின்னு ஒரு வாரமாவுதேப்பா," என்றார் மேஸ்திரி. கொட்டகைக்குள் தனியாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பார் போல, குரல் பிசகவில்லை.

அய்யனார் திரும்பினான். திரும்பும்போது கீழே பார்த்தான். வரிசையின் நடுவில் ஊதா வார் போட்ட ஒரு ஜோடி, வார் அறுந்த இடத்தில் ஊக்கு. ஆளை மறைத்தோம், பாத்தியை மாற்றினோம், செருப்பை மட்டும் எண்ணி, நிமிர்த்தி, சாலையைப் பார்க்க அழகாக அடுக்கி வைத்திருக்கிறோம். மேஸ்திரியும் அப்போதுதான் அதைப் பார்த்தார்.

"அப்ப இது யாருது?"

மேஸ்திரி விசிலை வாயில் வைத்தார். வெறும் காற்றுதான் வந்தது. நான் மாதிரிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

தட்சணாமூர்த்தி அந்த ஊதாச் செருப்புக்குள் காலை நுழைத்தார். முன்பாதிதான் உள்ளே போனது. குதிகால் இரண்டும் வெளியே வரப்பு மண்ணில் கிடந்தன.

"என்னுது."

"யோவ், பொம்பள செருப்புய்யா அது. நான் வாங்கிக் குடுத்தது."

"என்னுதுதான்பா." கண்ணில் நீர் கட்டியிருந்தது. ஆனால் பாத்திகளுக்குப் போக வழி அந்த ஒரு வரப்புதான், அதுவும் ஓர் ஆள் அகலம். அவரைத் தள்ளாமல் யாரும் உள்ளே போக முடியாது.

தூரத்தில் அந்தோணியம்மாள் உப்பு வாரும் பலகையைத் தோளுக்குத் தூக்கினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்தார்கள். அய்யனார் சாக்கின் மேல் வைத்த கையை எடுத்தான். "நாளைக்கும் வருவேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

பதினோரு மணிக்குப் பெண்கள் கரையேறினார்கள். "நாளைலருந்து செருப்பெல்லாம் கொட்டாயிக்குள்ளதான்" என்றார் மேஸ்திரி. ஊதாச் செருப்பை அவர் இன்னும் கழற்றவில்லை. கடைசியாக வந்த ஜெயா அவர் காலைப் பார்த்தபடி நின்றாள்.

"இத நீ ரோட்ல போட்டுக்கினு போவ வேணாம்மா."

குதிகாலை இழுத்து இழுத்துக் கொட்டகைக்குள் போனார். ஆணியிலிருந்து தம் செருப்பை எடுத்தார். தோள் துண்டால் தூசியைத் துடைத்தார். திரும்பி வந்து, குனிந்து, ஜோடி சேர்த்து, அவள் காலடியில் வைத்தார்.