விருந்துக்கு நிறுத்திய ஆமை

சனிக்கிழமை காலை ஆறரை மணி பஸ்ஸில் ஏரலிலிருந்து புறப்பட்டோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், அவர்களுடைய டீச்சர், நான். பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு பொங்குவது என் வேலை. ஆமைப் பாடம் படித்த பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும், புன்னைக்காயலில் தெரிந்தவர்கள் உண்டா என்று டீச்சர் கேட்டபோது லூர்தம்மாள் பெயரைச் சொன்னேன். அதனால் என்னையும் கூட்டிக்கொண்டார்கள்.

லூர்து கருவாட்டுக் கூடையோடு வாரம் ஒருமுறை எங்கள் ஊருக்கு வருகிறவள். வெயில் ஏறினால் என் சமையல்கட்டு வாசலில்தான் கூடையை இறக்குவாள். நீராகாரம் குடித்துவிட்டு, "ஒருநா எங்க வீட்டுல வந்து கை நனைங்கக்கா" என்பாள். இத்தனை வருஷமாக நான் போனதில்லை. இந்த வாரம் வந்தபோது, சனிக்கிழமை பிள்ளைகளோடு வருகிறோம் என்று சொல்லிவைத்தேன்.

கண்டக்டர் பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் கிழித்தபடி, "என்ன ஆச்சி, படை எங்க கெளம்பிட்டு?" என்றார். பேச்சி என்ற பெண்பிள்ளைதான் சொன்னாள்: "ஆமை பாக்கப் போறோம் அண்ணாச்சி. அது கொறஞ்சுக்கிட்டே வருதாம்."

"எங்க பஸ்சும்தான் கொறஞ்சுக்கிட்டே வருது. அதை யாரு பாக்கா?" என்றார் அவர்.

ஆத்தூரில் இறங்கி நடந்தோம். நாலு மைல் இருக்கும். ஒருபக்கம் வாழை, மறுபக்கம் போகப்போக உவர்மண். வழி நெடுகச் சீமை உடை, அதாவது சீமைக் கருவேலம். அது வெளிதேசத்திலிருந்து வந்த மரம், நம் நாட்டு உடைமரத்தை நெருக்கித் தள்ளிவிட்டது என்று டீச்சர் நின்று காட்டினார்கள். "இதை எவ்வளவு வெட்டினாலும் மறுபடி தழையும். ஆமை அப்படி இல்லை. இருக்கிறதைப் பிடித்துத் தீர்த்தால் தீர்ந்ததுதான். அதனால்தான் பிடிக்கக் கூடாது என்று சட்டமே வந்திருக்கிறது." நான் தினமும் அடுப்பில் வைக்கிற விறகு அந்த உடைதான். வெளிதேசத்து மரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒன்பது மணிக்கு மேல் கோவில் கோபுரம் தெரிந்தது. அங்கே கோவில் என்றால் மாதா கோவில். ஆறு கடலில் சேருகிற இடத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் கரைக்கு ஓடினார்கள். எங்கள் வயலுக்குப் பாய்கிற தண்ணீர்தான் அது. இங்கே வந்து இவ்வளவு அகலமாகக் கிடக்கிறது.

லூர்து தெருமுனைக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் பாய் விரித்து, பிள்ளைகளுக்குப் பதநீர் ஊற்றினாள். அக்கம்பக்கத்துப் பெண்களிடம், "எனக்குத் தண்ணி தந்த அக்கா" என்று என்னைக் காட்டினாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் பின்பக்கம் போன பேச்சி, "டீச்சர், இங்கன வாங்க" என்று கூப்பிட்டாள்.

ஓலைச்சாய்ப்பின் கீழே ஒரு பேராமை மல்லாந்து கிடந்தது. ஈரச்சாக்கு போர்த்தியிருந்தது. துடுப்புக் கைகள் மெல்ல அசைந்தன. கண்ணிலிருந்து நீர் வடிந்தது.

"அழுவுது" என்றான் ஒரு பையன்.

"அழவில்லை. உடம்பில் சேருகிற உப்பை அது கண்வழியாகத்தான் வெளியேற்றும்" என்றார்கள் டீச்சர். ஒரு பிள்ளையும் நம்பவில்லை.

லூர்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "உங்களுக்குன்னுதான் அவரு நேத்தே விக்காம நிறுத்தி வச்சாரு. கோவில் பெரியநாளுக்குத்தான் எங்க வீட்டுல ஆமைக்கறி. இப்ப அறுத்துட்டா மதியத்துக்குச் சரியா இருக்கும்."

டீச்சர் என்னைப் பார்த்தார்கள். சட்டத்தைச் சொன்னால் அத்தனை பெண்கள் நடுவில் லூர்து குற்றவாளியாகிவிடுவாள். சொல்லாவிட்டால் பிள்ளைகள் படித்த பாடத்துக்கு அர்த்தமில்லை. நான் லூர்தைச் சமையலறைக்குள் அழைத்துப் போனேன். அவள் அடுப்பிலும் சீமை உடைதான் எரிந்தது.

"லூர்து, பிள்ளைக இதைக் காப்பாத்தணும்னு படிச்சிட்டு வந்திருக்குதுக. இதையே தின்னச் சொன்னா எப்படிளா?"

அவள் முகம் வாடிவிட்டது. "கருவாட்டுக்காரி வீட்டுல கை நனைக்க மனசில்லைன்னா நேரா சொல்லுங்கக்கா."

இனி அவள் என் வாசலில் கூடையை இறக்கமாட்டாள் என்றே நினைத்தேன். "நீ எதைப் போட்டாலும் சாப்பிடுவேன், அது மட்டும் வேண்டாம்" என்றேன்.

"அதெப்படி? விருந்துக்குன்னு நிறுத்தினதை நாங்க திருப்பி எடுக்க மாட்டோம். விக்கவும் மாட்டோம். அது உங்க பங்கு."

வாசலில் பேச்சி நின்றிருந்தாள். "எங்க பங்குன்னா எங்ககிட்ட குடுத்துருங்க அத்தை. நாங்க கொண்டு போறோம்."

"எங்க கொண்டு போவ? பஸ்சுலயா? கண்டக்டரு அதுக்கு முழு டிக்கெட்டுல கேப்பாரு."

"கடலுக்கு."

லூர்து அவளையே பார்த்தாள். பிறகு புருஷனைக் கூப்பிட்டாள். "ஏங்க, விருந்தாளுக பங்கை எடுத்துட்டுப் போறாகளாம். ஒரு கை பிடிங்க."

அவர் சாக்கை விலக்கி, வாலைப் பார்த்து, "பொட்டை" என்றார். "நல்ல வெலைக்குப் போயிருக்கும்" என்றும் சொன்னார். ஆனாலும் தம்பியை அழைத்துத் தூக்கினார். பிள்ளைகள் சாமி புறப்பாட்டுக்குப் போவதுபோல் பின்னால் போனார்கள். தெருவே சிரித்தது. ஈரமணலில் நிமிர்த்தி வைத்தார்கள். கொஞ்ச நேரம் அசையவில்லை. ஓர் அலை வந்து நனைத்ததும் மண்ணைத் தள்ளி நகர்ந்தது. அடுத்த அலையில் ஓடு மினுங்கியது. அப்புறம் தண்ணீர்தான்.

லூர்து கடற்கரைக்கு வரவில்லை. திரும்பிவந்தபோது சாளைமீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பிள்ளைகள் அதற்கு மேல் வாங்கினார்கள். அவள் எல்லோருக்கும் கேட்டுக் கேட்டுப் போட்டாள். என்னோடு மட்டும் பேசவில்லை. மூன்று மணிக்கு விடைபெற்றோம்.

எங்கள் ஊரில் ஆறு வயலோடு நின்றுவிடுவதாகவே அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் சோறு முளைக்கிற தண்ணீரும் அவர்கள் வலை விரிக்கிற தண்ணீரும் ஒன்று என்பது போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது.

அடுத்த வாரம் வழக்கமான நாளில் லூர்து வரவில்லை. மறுநாள் வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு வந்தாள். கூடையை வாசலில் இறக்கினாள். நான் நீராகாரம் கொடுத்தேன். குடித்துவிட்டு, தட்டு கழுவ வந்த பேச்சியைக் கூப்பிட்டாள்.

"ஏளா, உன் ஆமை இப்ப எங்கன போயிருக்கும்?"

"சிலோனுக்குப் போயிருக்கும் அத்தை."

"பாஸ்போட்டு இல்லாமயா?"

"முட்டை போட கரைக்குத் திரும்பி வருமாம். டீச்சர் சொன்னாக."

லூர்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "எங்க பக்கம் வந்தா யாரும் தொடாம நான் பாத்துக்கிடுதேன்னு உங்க டீச்சர்ட்ட சொல்லு" என்றாள்.