நான்காம் பாகத்துக்கு முன் அடித்த மணி

மூன்று வருடங்களுக்கு முன், கேரள எல்லையில் பாறசாலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் சபையின் ஆண்டு விழாவில் நடந்தது இது. ஆராதனையும் சாப்பாடும் முடிந்து, மதியத்துக்கு மேல் கலை நிகழ்ச்சிகள். யாராக இருந்தாலும் ஐந்து நிமிடம்தான், மீறினால் மணி. அந்த மணி பள்ளி ஆசிரியையான என் கையில்தான் இருக்கும். பாதிரியார் பேச்சுக்கே மணி அடித்தவள் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எங்கள் சபையில் மொபைல் கடை வைத்திருக்கும் ஒருவர், கம்ப்யூட்டரில் தானே இசையமைத்துப் பாட்டு உண்டாக்குவார். சினிமாப் பாட்டு மாதிரி பல்லவி, சரணம் என்று முடிந்துவிடாது. மெதுவாகத் தொடங்கும், டிரம்ஸ் வரும், வயலின்கள் கூட்டமாக எழும், தாளம் மாறும். பாகம் பாகமாகப் போய்க்கொண்டே இருக்கும். "இவன் பாட்டு தொடங்கும்போ ரயிலேறினா, முடியும்போ நெய்யாற்றின்கரையில எறங்கலாம்" என்று கிண்டல் செய்வார்கள். சிரிப்பவர்களில் நானும் ஒருத்தி.

அவர் மனைவி, பாடகர் குழுவில் பன்னிரண்டு வருடம் என் பக்கத்தில் நின்று பாடியவள். தொண்டையில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேச்சே போய்விட்டது. அன்று கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு முன் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

அவருடைய புதுப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டார்கள். ஐந்து நிமிடம் தாண்டியது. பாவம் என்று விட்டேன். எட்டாவது நிமிடத்தில் எல்லா வாத்தியங்களும் சட்டென்று நின்றன. கூட்டம் கைதட்டியது. அப்பாடா என்று மணியை அடித்து, பாட்டை நிறுத்தச் சொல்லி, அடுத்த நடனத்தை அறிவித்துவிட்டேன்.

அவர் மேடையோரம் ஓடி வந்தார்.

"டீச்சரே, முடியல்ல. இனி நாலாம் பாகம் ஒண்ணு உண்டு. அதுதான் பாட்டாக்கும்!"

"எல்லாருக்கும் ஒரே நேரந்தான் அண்ணே. பிள்ளைங்க வேஷம் கட்டி நிக்குது, பாக்கல்லியா?"

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது முன் வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. அதைப் பெரிதாக நினைக்கவில்லை நான்.

மூன்றாம் மாதம் அவள் இறந்துவிட்டாள். அடக்கத்துக்கு முன், வீட்டு முற்றத்தில் அந்தப் பாட்டை முழுதாகப் போட்டார் அவர். எட்டாவது நிமிடத்தில் அதே அமைதி வந்தது. யாரும் அசையவில்லை. பிறகு, வாத்தியம் எதுவும் இல்லாமல், முதல் பாகத்தின் மெட்டை ஒரு பெண்குரல் தனியாகப் பாடியது. அவளுடைய குரல். அறுவை சிகிச்சைக்கு முந்தின வாரம் பதிவு செய்ததாம்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"வீட்டில நாங்க எத்தரயோ தடவ கேட்டோம் டீச்சரே. சபையில எல்லாரும் ஒருக்கா கேக்கணும்னாக்கும் அவளுக்கு ஆச. இப்ப எல்லாரும் கேட்டாச்சு. அத இனி நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?"

இன்றும் மேடைப் பொறுப்பு எனக்குத்தான். பாட்டு நின்றால் உடனே மணியைத் தொடுவதில்லை, முன் வரிசையில் யாராவது இன்னும் காத்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்கிறேன். அன்றைக்கு ஒரே ஒரு தடவை அப்படிப் பார்த்திருந்தால், தன் குரலைச் சபை கேட்டதென்று அவள் நிம்மதியாகப் போயிருப்பாளே என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்கிறது.